முத்துக்குளித்துறைக் கரையில் போலியோ: வளர்ந்தோருக்கு ஊக்கத் தவணை யாருக்குத் தேவை?

குழந்தைப் பருவத்தில் போலியோ தடுப்பு மருந்தின் எல்லாத் தவணைகளையும் முடித்த ஒருவர், பதினெட்டு வயதுக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை எடுத்துக்கொள்ளும் தவணையே வளர்ந்தோருக்கான போலியோ ஊக்கத் தவணை. பூஸ்டர் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படுவதும் இதுதான். சிறுவயதில் தவணை எதுவும் பெறாதவர், அல்லது பாதியில் விட்டவர், பெரியவரான பின் முழுத் தவணைகளையும் முடிப்பது வேறு. முன்னது ஏற்கெனவே உள்ள எதிர்ப்பாற்றலைத் தூண்டி உயர்த்துகிறது. பின்னது இல்லாத எதிர்ப்பாற்றலைப் புதிதாக உருவாக்குகிறது. யாருக்கு எத்தனை தவணை என்ற கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

இந்திய அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் வளர்ந்தோருக்கான போலியோ தவணை இல்லை. ஆயினும் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு அது விதியாகவோ பரிந்துரையாகவோ வந்துவிடுகிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் அந்தப் பிரிவினர் கணிசமாக வாழ்கின்றனர். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வந்துபோகும் சரக்குக் கப்பல்கள், கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்கள், காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து ஹஜ் செல்வோர், சாயர்புரம், நாசரேத், ஏரல் வட்டார ஊர்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் என இந்தக் கரை பல நாடுகளோடு தொடர்பில் உள்ளது. எனவே இங்கே இது ஏட்டளவிலான கேள்வியன்று.

நோயும் அதன் இயல்பும்

இளம்பிள்ளை வாதம் என்ற பழைய பெயர், இது குழந்தைகளை மட்டும் தாக்கும் நோய் என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிட்டது. எதிர்ப்பாற்றல் இல்லாத எவரையும், எந்த வயதிலும் போலியோ வைரஸ் தொற்றும். வைரஸ் பரவலாக இருந்த காலத்தில் பெரியவர்களில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே தொற்றைக் கடந்து எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். எஞ்சியவர்கள் பெரும்பாலும் குழந்தைகளே. அதனால்தான் நோய் குழந்தைகளிடம் மிகுதியாகத் தெரிந்தது.

வைரஸ் மலத்தின் வழியாக வெளியேறி, மாசுபட்ட நீர், உணவு, கைகள் வழியாக வாயை அடைந்து, தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றாது. சிலருக்குச் சாதாரணக் காய்ச்சலோடு முடிந்துவிடும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு மட்டும் வைரஸ் நரம்பு மண்டலத்தை அடைந்து, தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. அழிந்த நரம்பணு மீள்வதில்லை, வாதம் நிலைத்துவிடுகிறது.

வயது ஏற ஏற இந்த வாதம் கடுமையாகிறது. வாதம் கண்ட குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேர் இறப்பார்கள் என்றால், பெரியவர்களில் அது 15 முதல் 30 வரை உயர்கிறது. மூச்சுத் தசைகள் செயலிழப்பதே மரணத்துக்கு முக்கியக் காரணம். சிறுவயதில் போலியோவிலிருந்து பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, பல பத்தாண்டுகள் கழித்துத் தசைச் சோர்வும் வலியும் புதிய பலவீனமும் தோன்றுவதுண்டு. இதைப் போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்பர். இது புதிய தொற்றன்று. எனவே ஊக்கத் தவணையால் இது குணமாவதில்லை.

வைரஸில் மூன்று வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிரான ஆற்றல் மற்றொன்றிலிருந்து முழுமையாகக் காக்காது. இரண்டாம் வகை இயற்கை வைரஸ் ஒழிந்ததாக 2015-லும், மூன்றாம் வகை ஒழிந்ததாக 2019-லும் அறிவிக்கப்பட்டது. முதல் வகை மட்டும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் நீடிக்கிறது.

இரண்டு மருந்துகள், இரண்டு வேலைகள்

ஜோனஸ் சால்க் உருவாக்கி 1955-இல் பயன்பாட்டுக்கு வந்தது, செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸைக் கொண்ட ஊசி மருந்து. ஆல்பர்ட் சேபின் உருவாக்கி 1960-களின் தொடக்கத்தில் பரவியது, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்ட சொட்டு மருந்து.

ஊசி மருந்து இரத்தத்தில் எதிர்ப்பொருளை உயர்த்துகிறது. வைரஸ் நரம்பை அடையாமல் தடுக்கிறது. ஆனால் இதை மட்டுமே பெற்ற ஒருவரின் குடலில் வைரஸ் பெருகுவதை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. அவர் நோயுறாமலே வைரஸைப் பிறருக்குக் கடத்தக்கூடும். சொட்டு மருந்து குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்குவதால் பரவலைத் தடுக்கிறது. மலிவானது, கொடுப்பதும் எளிது. அதன் குறை, மிக அரிதாக மருந்திலுள்ள வைரஸே வாதத்தை ஏற்படுத்துவது. பல லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் இது நிகழ்கிறது. தடுப்பு மருந்து சரிவரக் கிடைக்காத மக்களிடையே அந்த வைரஸ் நீண்டகாலம் சுற்றிவந்தால், அது மரபு மாறி மீண்டும் வீரியம் பெறுகிறது. இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் காணப்படுவது பெரும்பாலும் இவ்வாறு மருந்திலிருந்து உருவான வைரஸே.

இதுவரை தவணையே பெறாத பெரியவருக்கு ஊசி மருந்தையே பல நாடுகளின் வழிகாட்டிகள் முதன்மையாகக் கூறுகின்றன. முதல் சொட்டு மருந்தால் வாதம் ஏற்படும் மிகச் சிறிய வாய்ப்பு, பெரியவர்களிடம் சற்றே கூடுதல் என்று கருதப்படுவதே காரணம்.

வேலூர் தந்த பாடம்

ஊக்கத் தவணையைப் பற்றிய உலக அறிவுக்குத் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வாளர் டி.ஜேக்கப் ஜான் 1970-களில் செய்த ஆய்வுகள் ஒரு கசப்பான உண்மையை வெளிப்படுத்தின. மேலைநாடுகளில் மூன்று தவணைச் சொட்டு மருந்து கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு அளித்தது. வேலூரிலோ, முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் எதிராக ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு மூன்று தவணைக்குப் பிறகும் எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை. குடலில் உள்ள பிற கிருமிகளின் போட்டி, வயிற்றுப்போக்கு முதலியவை இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. தவணைகளைக் கூட்ட வேண்டும், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே காலத்தில் கொடுக்க வேண்டும், ஊசி மருந்தையும் பயன்படுத்த வேண்டும் என அவர் தொடர்ந்து வாதாடினார். ஒரே காலத்தில் கொடுக்கும் முறை 1980-களில் வேலூரில் பின்பற்றப்பட்டு, நோய் வெகுவாகக் குறைந்தது.

அதே கல்லூரியின் ஆய்வு ஒன்று 2014-இல் லான்செட் இதழில் வெளியானது. ஏற்கெனவே பலமுறை சொட்டு மருந்து பெற்ற ஒன்று முதல் நான்கு வயதுவரையான 450 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு ஒரேயொரு ஊசி போடப்பட்டது, மற்றவர்களுக்கு இல்லை. பின்னர் இரு பிரிவினருக்கும் சோதனைக்காகச் சொட்டு மருந்து கொடுத்து, மலத்தில் வைரஸ் வெளியேறுகிறதா என்று பார்த்தனர். ஊசி பெற்றவர்களில் வைரஸை வெளியேற்றியோரின் விகிதம் முதல் வகைக்கு 38 விழுக்காடும், மூன்றாம் வகைக்கு 70 விழுக்காடும் குறைந்திருந்தது. சொட்டு மருந்தால் ஏற்கெனவே பழக்கப்பட்ட குடலில் ஊசி மருந்தும் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்பதை இது காட்டியது. சொட்டு மருந்து பெற்று வளர்ந்த இந்தியர் ஒருவருக்கு ஒரு ஊசி ஊக்கத் தவணையாகப் போதுமானது என்ற கருத்துக்கு இத்தகைய ஆய்வுகள் வலுச்சேர்க்கின்றன. ஆய்வு குழந்தைகளிடம் நடந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒழிப்பின் வரலாறும் தலைமுறைகளும்

இந்தியாவில் சொட்டு மருந்து 1970-களின் இறுதியில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. 1985-இல் பொதுத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1995 டிசம்பரில் நாடு தழுவிய போலியோ சொட்டு மருந்து முகாம்கள் வந்தன. இயற்கை வைரஸால் தமிழ்நாட்டில் கடைசியாக 2004-இல் பாதிப்பு ஏற்பட்டது. நாட்டின் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பதிவானது. இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலத்துக்கு 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிப்புச் சான்றிதழ் கிடைத்தது. மன்னார் வளைகுடாவின் மறுகரையான இலங்கையில் 1993-இலேயே நோய் முடிவுக்கு வந்திருந்தது.

2015 நவம்பர் இறுதியில் ஊசி மருந்து இந்திய அட்டவணையில் சேர்ந்தது. 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை நீக்கப்பட்டது. ஊசி மருந்தை முழு அளவில் ஐந்தில் ஒரு பங்காகத் தோலுக்குள் செலுத்தும் முறை 6-ஆம், 14-ஆம் வாரங்களில் பின்பற்றப்படுகிறது. 2023 தொடக்கத்திலிருந்து ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது தவணையும் சேர்ந்தது.

இந்த ஆண்டுகளை வைத்து இன்றைய பெரியவர்களை மூன்று தலைமுறைகளாகப் பிரிக்கலாம். 1980-க்கு முன் பிறந்தவர்களில் பலர் மருந்து பெறாவிட்டாலும், பரவலாக இருந்த இயற்கை வைரஸைச் சந்தித்து எதிர்ப்பாற்றல் பெற்றிருக்க வாய்ப்புண்டு. 1995-க்குப் பின் வளர்ந்தவர்கள் ஐந்து வயதுக்குள் முகாம்களிலும் வழக்கமான அட்டவணையிலுமாகப் பல தவணைகளைப் பெற்றவர்கள். இடையில் பிறந்தவர்களின் நிலைதான் தெளிவற்றது. வைரஸ் குறைந்துகொண்டே வந்த காலம் அது. தடுப்பூசி எல்லா வீட்டையும் எட்டாத காலமும் அதுவே. அந்தத் தலைமுறையில் அட்டையைப் பத்திரப்படுத்தியவர்களும் குறைவு. இன்று நாற்பதை ஒட்டிய வயதில் கப்பலிலும் வெளிநாட்டிலும் உழைப்போர் பலர் இந்தத் தலைமுறையினரே.

எதிர்ப்பாற்றல் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது அடுத்த கேள்வி. முழுத் தவணை பெற்றவருக்கு, இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு காலப்போக்கில் குறைந்தாலும், நோயெதிர்ப்பு மண்டலத்தின் நினைவு பல பத்தாண்டுகள் நீடிக்கிறது. வாதத்திலிருந்து பாதுகாப்பு வாழ்நாள் முழுதும் இருக்கக்கூடும் என்பதே பொதுவான கருத்து. குடல் எதிர்ப்பு இதைவிட விரைவாகத் தேய்கிறது. ஆகவே ஊக்கத் தவணைக்கு இரண்டு பயன்கள். ஒன்று, ஆபத்துள்ள இடத்துக்குச் செல்பவரின் பாதுகாப்பை உறுதிசெய்வது. மற்றொன்று, அவர் அறியாமலே வைரஸைச் சுமந்து திரும்பும் வாய்ப்பைக் குறைப்பது.

பெரியவர்களைத் தாக்கிய பரவல்கள்

இந்தியாவிலிருந்து அங்கோலாவுக்குச் சென்ற முதல் வகை வைரஸ் அங்கிருந்து 2006-இல் நமீபியாவை அடைந்தது. பல ஆண்டுகளாகப் போலியோ இல்லாத அந்நாட்டில் பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். வயது வேறுபாடின்றி மக்கள் அனைவருக்கும் சொட்டு மருந்து கொடுத்தே பரவல் நிறுத்தப்பட்டது. அங்கோலாவில் மீண்டும் நுழைந்த இந்திய வழி வைரஸின் கிளை 2010-இல் காங்கோ குடியரசின் துறைமுக நகரமான புவாந்த் நுவாரில் வெடித்தது. 400-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் இளைஞர்களே மிகுதி. அதே 2010-இல் தஜிகிஸ்தானில் 450-க்கும் மேற்பட்டோரை முடக்கிய வைரஸும் வட இந்தியாவில் தோன்றியதே.

பாகிஸ்தானிலிருந்து 2011-இல் சீனாவின் சின்ஜியாங் பகுதிக்குள் நுழைந்த வைரஸ் 21 பேரைத் தாக்கியது. அவர்களில் பாதியளவு பெரியவர்கள். அங்கும் இளம் பெரியவர்கள் வரை மருந்து கொடுக்கப்பட்டது. 2022 ஜூலையில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி பெறாத இருபது வயது இளைஞர் ஒருவர் மருந்து வழி வைரஸால் வாதமுற்றார்.

இந்த நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றில் தெரியும் உண்மை ஒன்றே: நீண்டகாலம் நோய் இல்லாத இடத்தில், தவணை விட்டுப்போன பெரியவர்களின் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வைரஸ் எங்கிருந்தாவது வந்து சேர்ந்தால் அந்தக் கூட்டமே முதலில் அடிபடுகிறது. துறைமுக நகரங்களுக்கு இது கூடுதல் எச்சரிக்கை.

பயணிகளுக்கான விதிகள்

வைரஸ் எல்லை தாண்டிப் பரவுவதை உலக சுகாதார நிறுவனம் 2014 மே 5 அன்று உலகளாவிய பொதுச் சுகாதார அவசர நிலையாக அறிவித்தது. பரவல் உள்ள நாட்டில் வசிப்போரும், அங்கே நான்கு வாரத்துக்கு மேல் தங்குவோரும், நாட்டைவிட்டுப் புறப்படும் முன் நான்கு வாரம் முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு தவணை சொட்டு மருந்தோ ஊசியோ பெற்றிருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

இந்தியா அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, தன் சொந்த விதியைக் கொண்டுவந்தது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், நைஜீரியா, கென்யா, சோமாலியா, எத்தியோப்பியா, சிரியா ஆகிய நாடுகளிலிருந்து வருவோரும், அங்கே செல்லும் இந்தியரும், வயது எதுவாயினும் பயணத்துக்கு நான்கு வாரத்துக்கு முன் சொட்டு மருந்து பெற வேண்டும் என அப்போது விதிக்கப்பட்டது. சான்றிதழ் ஓராண்டு செல்லும். லாகோஸ், மொம்பாசா போன்ற துறைமுகங்கள் அந்த நாடுகளில் உள்ளவை. நாடுகளின் பட்டியல் பரவலுக்கேற்ப மாறிவந்திருக்கிறது. எனவே பழைய பட்டியலை நம்பாமல், பயணத்தின்போது நடப்பிலுள்ள பட்டியலைத் துறைமுக சுகாதார அலுவலகத்தில் கேட்டறிவதே முறை.

ஹஜ் பயணிகளுக்கான தடுப்பூசி முகாம்களில் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியோடு போலியோ சொட்டு மருந்தும் கொடுக்கப்படுகிறது. பல நாட்டு மக்கள் ஒரே இடத்தில் கூடும் நிகழ்வில் ஒருவரிடமிருந்து பலருக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகம் என்பதே காரணம். எழுபது வயது முதியவருக்கும் இரண்டு சொட்டு கொடுப்பதைக் கண்டு சிலர் வியக்கின்றனர். அது அவரைக் காப்பதோடு, அவர் திரும்பிவரும் வீட்டின் குழந்தைகளையும் காக்கிறது.

பிற நாடுகளின் நடைமுறை

அமெரிக்காவில், தவணையை முடிக்காத பெரியவர்கள் அனைவரும் அதை முடிக்க வேண்டும் என்று 2023-இல் பரிந்துரைக்கப்பட்டது. முடித்தவர்களில் ஆபத்து மிகுந்தவர்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு ஊக்க ஊசி போதும் என்பது அந்நாட்டு நிலைப்பாடு. பிரிட்டனில் ஆபத்துள்ள நாட்டுக்குச் செல்வோர்க்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஊக்கத் தவணை கூறப்படுகிறது. பிரான்ஸ் 25, 45, 65 வயதுகளில் தொண்டை அடைப்பான், தசைவிறைப்பு ஊசியோடு போலியோவையும் சேர்த்து எல்லோருக்கும் போடுகிறது. ஊசி மருந்தை மட்டுமே நம்பும் நாடுகளுக்கும், சொட்டு மருந்தில் வளர்ந்த இந்திய மக்களுக்கும் நிலைமை வேறு. ஆகவே ஒரு நாட்டு அட்டவணையை அப்படியே இங்கே ஏற்றிவிட முடியாது.

இந்தக் கரையில் யாருக்கு

முதலாவது, பரவல் உள்ள நாட்டுக்குச் செல்வோர். கப்பல் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர், மருத்துவப் பணியாளர், சமயப் பணியாளர் ஆகியோர் இதில் அடங்குவர். தவணையை முடித்தவருக்குப் புறப்படும் நாளுக்கு நான்கு வாரத்துக்கு முன் ஒரு தவணை போதும். அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால், புறப்படும் நாளுக்குள்ளாவது அதைப் பெற வேண்டும். கப்பல் நிறுவனம் அழைப்பு அனுப்பிய பின் ஓடித் திரிவதைவிட, மருத்துவத் தகுதிச் சான்று எடுக்கும்போதே இதையும் முடிப்பது நல்லது.

இரண்டாவது, தவணை எதுவும் பெறாதவர், அல்லது பெற்றதாக எவ்வித நினைவும் ஆதாரமும் இல்லாமல் ஆபத்துள்ள இடத்துக்குச் செல்பவர். இவர்களுக்கு மூன்று ஊசிகள். முதல் இரண்டுக்கும் இடையே நான்கு முதல் எட்டு வாரம். மூன்றாவது, ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து. பாதியில் நின்றவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

மூன்றாவது, போலியோ வைரஸைக் கையாளும் ஆய்வகத்தினரும், தொற்றுள்ளோரைக் கவனிக்க நேரும் மருத்துவப் பணியாளரும்.

நான்காவது, வளைகுடா நாடுகளில் வேலைசெய்வோர். அந்நாடுகளில் உள்ளூர்ப் பரவல் இல்லை. ஆயினும் பல நாட்டுத் தொழிலாளர் ஒரே விடுதியில் தங்கும் சூழலில், தவணையை முடிக்காதவர் அதை முடித்துச் செல்வது அறிவுடைமை. முடித்தவருக்கு ஊக்கத் தவணை கட்டாயமன்று.

உள்ளூரிலேயே வாழும் உப்பளத் தொழிலாளி, கடலோர மீனவர், விவசாயி, ஆசிரியர் ஆகியோருக்கு, குழந்தைப் பருவத் தவணைகள் முடிந்திருந்தால், ஊக்கத் தவணை இன்று தேவையில்லை. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சென்றுவரும் தோணித் தொழிலாளருக்கும், அங்கே பரவல் இல்லாதவரை, பயணத்தை மட்டும் காரணமாகக் கொண்டு அது தேவைப்படுவதில்லை.

கவனிக்க வேண்டியவை

ஊசி மருந்தால் போலியோ வராது. போட்ட இடத்தில் வலி, சிவப்பு, சிறு காய்ச்சல் தோன்றலாம். நியோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், பாலிமிக்சின் பி ஆகிய மருந்துகளுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்றம், பிறவிக் குறைபாடு முதலியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கும், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கும் சொட்டு மருந்து ஏற்றதன்று, ஊசியே தகும். பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்த பிரிட்டன் நாட்டவர் ஒருவர், சிறுவயதில் பெற்ற சொட்டு மருந்தின் வைரஸை 28 ஆண்டுகள் வெளியேற்றிவந்தது ஆய்வில் பதிவாகியுள்ளது. கர்ப்பிணிகள் ஆபத்துள்ள நாட்டுக்குச் செல்ல நேர்ந்தால், மருத்துவர் பரிந்துரையில் ஊசி பெறலாம்.

பெற்ற தவணையைப் பன்னாட்டுத் தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் புத்தகத்தில் தேதி, மருந்தின் பெயர், முத்திரையோடு பதிந்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாத தவணை எல்லைச் சோதனையில் செல்லாது. அடுத்த பயணத்தின்போது அதே தவணையை மீண்டும் பெறும் நிலையையும் அது ஏற்படுத்தும்.

முடிவு

கிடைக்கும் சான்றுகளை ஒருங்கே பார்த்தால், தமிழ்நாட்டின் எல்லாப் பெரியவர்களுக்கும் போலியோ ஊக்கத் தவணை கொடுக்கத் தேவையில்லை. பொதுச் சுகாதாரத்துக்கு அதில் பெரிய பயனும் இல்லை. ஆபத்துள்ள நாட்டுக்குச் செல்வோர்க்கு ஒரு தவணை அவசியம். தவணையே முடிக்காதவர்க்கு அதைவிட அவசியம் முழுத் தவணை. இந்த இரு பிரிவினரையும் கண்டறிவது சுலபம்: கப்பல் வேலை, வெளிநாட்டு வேலை, புனிதப் பயணம் ஆகியவற்றுக்காக மருத்துவச் சான்று கேட்டு வருவோரிடம், போலியோ தவணை முடிந்ததா என்ற ஒரே கேள்வியைத் தவறாமல் கேட்டால் போதும்.

பெரியவர்களின் ஊக்கத் தவணை, குழந்தைகளின் தவணைக்கு மாற்றாக ஒருபோதும் ஆகாது. 2024 ஆகஸ்டில் மேகாலயாவில் ஒரு குழந்தையிடம் மருந்து வழி வைரஸ் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலுமாக இயற்கை வைரஸால் 99 பேர் முடங்கினர். உள்ளூர்க் குழந்தைகளோடு, துறைமுகம், அனல் மின் நிலையம், உப்பளம் ஆகியவற்றில் வேலைக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். குழந்தைகளின் தவணை நிறைவாக இருக்கும்வரை, வெளியிலிருந்து வைரஸ் வந்தாலும் அது இந்தக் கரையில் காலூன்றுவது கடினம்.